வெட்டிய புகைப்படங்களை அசைத்தே மோஷன் கிராபிக்ஸ் கற்க முடியுமா?

“டுடோரியலைப் பார்த்து அப்படியே செய்தால் வருகிறது. தனியாக ஒரு வேலையை எடுத்தால் கை ஓடவில்லை. எனக்கு வரையவும் தெரியாது. புகைப்படங்களை வெட்டி அசைத்தே ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் கற்றுக்கொள்ளலாம் என்கிறார்களே, அது உருப்படியான வழியா, வெறும் பொழுதுபோக்கா?” இதுதான் கேள்வி.

உருப்படியான வழிதான். வரையத் தெரியாதவர், படங்களையும் எழுத்துகளையும் அசைக்கும் இந்த மென்பொருளுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டுடோரியலில் சிக்கலைத் தேர்ந்தெடுப்பவரும் வேறொருவர், தீர்வைக் கையில் வைத்திருப்பவரும் அவரே. நாம் நகலெடுக்கிறோம், அவ்வளவுதான். ஒரு படத்தை நீங்களே வெட்டி அசைக்கத் தொடங்கினால் சிக்கல் தானாக வந்து எதிரே நிற்கும். காலைச் சுழற்றினால் அது வயிற்றை மையமாக வைத்துச் சுற்றும். உடலை நகர்த்தினால் தலை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். மொத்த உருவத்தையும் மங்கச் செய்தால் மூட்டுகள் மட்டும் அடர்த்தியாகத் துருத்தித் தெரியும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் மென்பொருளின் ஓர் அடிப்படை ஒளிந்திருக்கிறது. தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கற்றது அவ்வளவு எளிதில் மறக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் முதல் பதிப்பு 1993இல் வந்தது. அடுக்கடுக்காக வைத்த படங்களை நேரத்தோடு சேர்த்து நகர்த்துவதுதான் அப்போதே அதன் அடிப்படை வேலை. பிறகு சேர்ந்தவை எத்தனையோ, ஆனால் எலும்புக்கூடு மாறவில்லை. வெட்டிய படத்தை அசைப்பது அந்த எலும்புக்கூட்டோடு நேரடியாகப் பழகுவது.

எதை அசைப்பது? என் பரிந்துரை, பக்கவாட்டில் நிற்கும் ஒரு யானை. மனித முகத்தை முதலில் எடுக்காதீர்கள். முகத்தில் இம்மி பிசகினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு உறுத்தும், விலங்கில் அந்தக் கறார் இல்லை. யானையிடம் நமக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: ஒரே மூட்டில் அசையும் காது, இரண்டு மூட்டுள்ள கால், தொடராக வளையும் தும்பிக்கை, இவற்றையெல்லாம் சுமக்கும் கனமான உடல். நேர்முகமாக நிற்கும் படம் வேண்டாம். முன்னால் நீண்டிருக்கும் உறுப்பை இருபரிமாணத்தில் சுழற்றினால் அது நசுங்கியதுபோல் தெரியும். உறுப்புகள் ஒன்றையொன்று அதிகம் மறைக்காத, நிழல் கடுமையாக விழாத, பெரிய அளவுப் படமாகத் தேடுங்கள். 1920க்கு 1080 காட்சியில் யானையை எவ்வளவு நெருங்கிக் காட்டப் போகிறீர்களோ, அந்த நெருக்கத்திலும் ஸ்கேல் என்ற பெரிதாக்கும் அளவு நூறு சதவீதத்தைத் தாண்டாத அளவுக்குப் படத்தில் பிக்சல் இருக்க வேண்டும்.

படத்துக்கு எங்கே போவது என்றால், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இலும், ஸ்மித்சோனியன் 2020இலும் தங்கள் சேகரிப்பிலிருந்து ஏராளமான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டன. சிலைகள், பழைய அச்சுப்படங்கள், விலங்குகள், கருவிகள் என்று அள்ள அள்ளக் கிடைக்கும். தேடுபொறியில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வேலை செய்தால் பிறகு அதை வெளியே காட்ட முடியாமல் போகும். உயிரோடிருக்கும் ஒருவரின் படத்தை வெட்டி வாயசைக்க வைப்பதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி வெட்டுவது. பெரும்பாலானோர் இதைச் சில்லறை வேலையாக நினைத்து அவசரமாக முடித்துவிட்டு அசைவுக்கு ஓடுகிறார்கள். உண்மையில் இறுதியில் திரையில் தெரியும் தரத்தில் பாதிக்குமேல் ஃபோட்டோஷாப்பிலேயே தீர்மானமாகிவிடும். வெட்டு சரியில்லாத காலை எந்தக் கீஃப்ரேமும், அதாவது ‘இந்த நொடியில் இது இங்கே’ என்று குறிக்கும் எந்தப் புள்ளியும், காப்பாற்றாது.

யானை முழுவதையும் பின்னணியிலிருந்து பிரிக்க இப்போது மென்பொருளே ஓரளவு தானாகத் தேர்ந்து கொடுக்கிறது. முதல் சுற்றுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மூட்டுகளைப் பென் டூலால், கையால், யோசித்து வெட்ட வேண்டும். கோடு உருவத்தின் விளிம்புக்கு ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே போகட்டும். விளிம்பிலேயே போனால் பழைய பின்னணியின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்து, புதிய பின்னணியில் ஒளிவட்டம்போல் தெரியும். எதையும் அழிப்பானால் அழிக்காதீர்கள். லேயர் மாஸ்க் என்ற திரையைப் போட்டு மறைத்துவிடுங்கள், நாளைக்கே “இன்னும் கொஞ்சம் தோள் வேண்டும்” என்று தோன்றும்.

மூட்டை வெட்டுவதில் ஒரு சூத்திரம் உண்டு. முன்னங்காலை உடலிலிருந்து பிரிக்கும்போது, காலின் மேல்முனையைத் தட்டையாக வெட்டாமல் அரைவட்டமாக, உடலுக்குள் நன்றாக நுழைந்து நிற்கும்படி வெட்டுங்கள். அந்த வட்டத்தின் மையத்தில் காலைச் சுழற்றினால் வட்டம் வட்டமாகவே இருக்கும், எந்தக் கோணத்திலும் இடைவெளி திறக்காது. முழங்காலிலும் அப்படியே: மேல்துண்டும் கீழ்த்துண்டும் ஒரே வட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கணினிக்கு வெகுகாலம் முன்பே இந்த அறிவு இருந்திருக்கிறது. 1920களில் நிழலுருக்களை வெட்டி முழுநீளப் படமே எடுத்த ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர், அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உறுப்புகளைத் தனித்தனியாக வெட்டி, மூட்டுகளில் கம்பியால் பிணைத்துத்தான் அசைத்தார். அவருடைய பாத்திரங்களின் உயிர் அந்த மூட்டுகளில் இருந்தது.

காலை எடுத்த இடத்தில் உடலில் ஓட்டை விழும். குளோன் ஸ்டாம்ப்பாலோ கன்டென்ட் அவேர் ஃபில்லாலோ தோலை நிரப்பிவிடுங்கள். யானைத் தோலின் சுருக்கங்கள் இதற்கு மிகவும் தோதானவை, பிசிறு வெளியே தெரியாது. பக்கவாட்டுப் படத்தில் அந்தப்புறக் கால்கள் பாதி மறைந்திருக்கும். கவலை வேண்டாம், இந்தப்புறக் கால்களையே நகலெடுத்து, கொஞ்சம் கருக்க வைத்து, உடலுக்குப் பின்னால் போட்டுவிடுங்கள். வால் நுனி முடியைப் பிரிக்க உயிரை விடாதீர்கள். காகிதத்தைக் கத்தரித்த மாதிரி கோணலாக வெட்டி, சுற்றிலும் மெல்லிய வெள்ளை ஓரம் விட்டாலே ஒரு பாணி வந்துவிடும். தொடங்குபவருக்கு நான் எப்போதும் சொல்வது இந்தக் கத்தரித்த பாணியைத்தான். நிஜம்போல் காட்ட முயன்றால் ஒவ்வொரு குறையும் குறையாகவே தெரியும், காகிதம்போல் காட்டினால் அதே குறைகள் பாணியில் சேர்ந்துகொள்ளும்.

எல்லாத் துண்டுகளுக்கும் புரியும்படி பெயர் வையுங்கள். ‘லேயர் 14 நகல் 2’ என்று விட்டால் டைம்லைனில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடும். வெட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகே ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குக் கொண்டுபோங்கள். இறக்குமதியின்போது கேட்கும் வழிகளில் நமக்கு வேண்டியவை இரண்டு: துண்டுகளை அடுக்கிய காட்சியான காம்போசிஷன், அல்லது லேயர் அளவுகளைத் தக்கவைத்த காம்போசிஷன். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் ஒவ்வொரு துண்டும் முழுக் காட்சி அளவுக்குப் பரந்து, எல்லாவற்றின் சுழல்மையமும் காட்சியின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவதிலும் ஓர் எச்சரிக்கை: பிறகு ஃபோட்டோஷாப்புக்குத் திரும்பிப்போய் ஒரு துண்டைப் பெரிதாக்கினால் அதன் எல்லை மாறி, அசைத்து வைத்த உறுப்பு இடம் பெயரும். முதலில் வெட்டு வேலையை முடித்துவிடச் சொல்வது இதனால்தான்.

இப்போது ஆங்கர் பாயிண்ட். கதவுக்குக் கீல் எங்கே இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கதவு திறக்கும் விதம். ஒவ்வொரு துண்டுக்கும் கீல் எங்கே என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘ஒய்’ விசையை அழுத்தி வரும் கருவியால் அந்தப் புள்ளியை இழுத்து, முன்பு வெட்டிய அரைவட்டத்தின் மையத்தில் வையுங்கள். கருவியால் இழுத்தால் படம் நகராது. பண்புப் பட்டியலில் எண்ணை மாற்றினால் படம் நகர்ந்துவிடும். ஏன் என்று ஐந்து நிமிடம் விளையாடிப் பாருங்கள். ஆங்கர் பாயிண்ட்டுக்கும் பொசிஷனுக்கும் உள்ள உறவு அங்கே பிடிபட்டுவிட்டால் பாதி மென்பொருள் பிடிபட்ட மாதிரி.

அடுத்து பேரண்டிங், ஒரு துண்டை இன்னொன்றோடு கட்டி, அது அசையும்போது இதையும் கூடவே அசைய வைப்பது. கீழ்க்கால் மேல்காலுக்கு, மேல்கால் உடலுக்கு, காது தலைக்கு, தலை உடலுக்கு என்று சங்கிலி போட வேண்டும். கீஃப்ரேம் வைக்கும் முன்பே போட்டுவிடுங்கள். பேரண்ட் கொடுத்த கணத்தில் குழந்தையின் பொசிஷன் எண்கள் காட்சியைப் பொறுத்தவை என்ற நிலை மாறி, பேரண்டைப் பொறுத்தவை ஆகிவிடும். நடுவழியில் செய்தால் வைத்த கீஃப்ரேம்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கடைசியாக உடலை ஒரு நல் ஆப்ஜெக்ட்டுக்குக் கட்டுங்கள், பெயருக்கேற்றபடி திரையில் ஒன்றும் தெரியாத வெற்று லேயர் அது. யானையை மொத்தமாக நகர்த்தவும், பெரிதாக்கவும், கிடைமட்ட ஸ்கேலுக்கு மைனஸ் நூறு கொடுத்துத் திசை திருப்பவும் அந்த ஒரு கைப்பிடி போதும்.

நடக்க வைக்கும் ஆசை வரும், கொஞ்சம் பொறுங்கள். முதல் வேலையாக யானையை நிற்க வைத்தே உயிர்ப்பியுங்கள். உடல் மூச்சுக்கு ஏற்பச் செங்குத்தாக ஒரு சதவீதம் ஏறி இறங்கட்டும். இந்த ஸ்கேலை உடலுக்கே கொடுத்தால் கால்களும் சேர்ந்து நெளியும். ஸ்கேல் பேரண்டிலிருந்து குழந்தைக்குப் போகும் என்பதால் வரும் வினை அது. எனவே உடலுக்கும் கால்களுக்கும் பொதுவாக இன்னொரு நல் வைத்து, கால்களை அதற்கு மாற்றிக் கட்ட வேண்டியிருக்கும். இப்படிச் சங்கிலியை இரண்டு மூன்று முறை அவிழ்த்துக் கட்டும்போதுதான் பேரண்டிங் உங்கள் கைக்கு வரும்.

காது. மூன்று கீஃப்ரேம், முன்னே, பின்னே, முன்னே. ஓட்டிப் பாருங்கள், கடிகாரப் பெண்டுலம்போல் செத்த அசைவாக இருக்கும். எஃப்9 அழுத்தி ஈஸி ஈஸ் கொடுத்தால் கொஞ்சம் மென்மையாகும், ஆனால் எண்ணெயில் மிதப்பதுபோல் இருக்கும். எல்லாக் கீஃப்ரேமுக்கும் ஒரே 33.33 சதவீத மெதுநடையை அது கொடுப்பதுதான் காரணம். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்து, பின்னே போகும் வீச்சை வேகமாகவும், திரும்பி வருவதை நிதானமாகவும் வளைத்துப் பாருங்கள். காதுக்குக் கனம் வந்துவிடும். ஒரே காதை நான்கு விதமான வளைவில் அசைத்துப் பார்ப்பது, கிராஃப் எடிட்டரைப் பற்றிய எந்தப் பாடத்தையும்விடப் பயன் தரும். இந்த ஒரு திறமை பிறகு எழுத்தை அசைத்தாலும், லோகோவை அசைத்தாலும் கூடவே வரும்.

தும்பிக்கையை ஐந்து துண்டாக வெட்டி, ஒன்றை அடுத்து ஒன்றாகப் பேரண்ட் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சுழற்சிக் கீஃப்ரேமை ஒட்டிவிட்டு, ஒவ்வொரு துண்டின் கீஃப்ரேமையும் முந்தையதைவிட இரண்டு ஃப்ரேம் தாமதமாகத் தள்ளுங்கள். கட்டைபோல் ஆடியது சாட்டைபோல் நெளியத் தொடங்கும். வேர் முதலில் அசைந்து நுனி கடைசியில் அசைவதுதான் சதையின் இயல்பு. இரண்டு ஃப்ரேமை நான்காக்கினால் சோம்பல், ஒன்றாக்கினால் பதற்றம். சிறிய எண் மாற்றம் பாத்திரத்தின் குணத்தையே மாற்றுவதை இங்கே பார்க்கலாம்.

“பப்பெட் டூல் இருக்கும்போது ஏன் துண்டு துண்டாக வெட்ட வேண்டும்?” என்று கேட்பீர்கள். 2007இல் சிஎஸ்3 பதிப்போடு வந்த அந்தக் கருவி படத்தின் மேல் ஒரு வலையைப் போர்த்தி, நாம் குத்தும் ஊசிகளைப் பிடித்து வளைக்கிறது. தும்பிக்கைக்கும் வாலுக்கும் அது அருமை. முழு யானைக்கும் போட்டால் ரப்பர் பொம்மையாகிவிடும், காலைத் தூக்கினால் வயிறும் சேர்ந்து இழுபடும். கீல் அசைவு கையில் பழகிய பிறகு, வளைய வேண்டிய உறுப்புக்கு மட்டும் பப்பெட்டைக் கொண்டுவாருங்கள். ஊசி குத்தும் முன் நேரக் குறியீட்டைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள், ஏனென்றால் ஊசி குத்திய நொடியிலேயே அந்த இடத்தில் கீஃப்ரேம் விழுந்துவிடும். கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ஊசியை இழுத்தால் உங்கள் கையசைவை நிகழ்நேரத்தில் பதிவுசெய்துகொள்ளும், மேக்கில் கமாண்ட் விசை. சும்மா ஒரு மாலை அதை வைத்து விளையாடலாம். டுயிக் என்று எலும்பு பொருத்தும் இலவச ஸ்கிரிப்ட் ஒன்று உண்டு, மிகத் திறமையானது. அதை முதல் வேலையில் நிறுவ வேண்டாம், எது மென்பொருள் செய்தது, எது ஸ்கிரிப்ட் செய்தது என்று தெரியாமல் போகும்.

நடை வேண்டுமென்றால் கால் வரிசையைச் சரியாக வையுங்கள்: இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பக் கூடாது, யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் அப்படி எழும்புவதில்லை. கால் மடங்கும்போது முன்னங்காலிலும் பின்னங்காலிலும் பாதம் பின்பக்கமாகவே போகும். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887இல் வெளியிட்ட விலங்கு அசைவுப் படத்தொகுப்பில் யானை நடையும் இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யலாம். ஒரு சுற்று முடிந்தால், அசைவைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் எக்ஸ்பிரஷன் போட்டு ஓட விடுங்கள்.

நிழல் சேர்க்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். துண்டுகளுக்கு இடையே ஆழம் தெரிய டிராப் ஷேடோ எஃபெக்ட் போடுவீர்கள். கால் சுழலச் சுழல நிழலின் திசையும் சேர்ந்து சுழலும், சூரியன் காலோடு கட்டிவைக்கப்பட்டதுபோல. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் ஒரு லேயரை வரையும் வரிசை இது: முதலில் மாஸ்க், அடுத்து எஃபெக்ட், அதற்குப் பின் இடமாற்றமும் சுழற்சியும், கடைசியில் லேயர் ஸ்டைல். எஃபெக்ட்டாகப் போட்ட நிழல் சுழற்சிக்கு முன்பே வரையப்பட்டுவிட்டதால் அதுவும் சேர்ந்து திரும்புகிறது. அதே நிழலை லேயர் ஸ்டைலாகப் போட்டால் திசை மாறாது. பல ஆண்டு வேலை செய்தவர்கள்கூட இந்த வரிசை தெரியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு யானைக்காலில் இது விளங்கிவிடும்.

இதேபோல் யானையை மெல்ல மறைய வைக்க நினைத்து உடலின் ஒபாசிட்டியைக் குறைப்பீர்கள், உடல் மட்டும் மறையும். ஒபாசிட்டி குழந்தைகளுக்குப் போவதில்லை. சரி என்று எல்லாத் துண்டுக்கும் தனித்தனியாகக் குறைத்தால், மூட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் பகுதிகள் இரட்டை அடர்த்தியாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரு பிரீகாம்ப்பாக, அதாவது ஒரே லேயர்போல் நடந்துகொள்ளும் உள்காட்சியாகச் சுருட்டி, அதன் ஒபாசிட்டியைக் குறைப்பதுதான் வழி. பிரீகாம்ப் எதற்கு என்று இனி யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

காகிதப் பாணிக்கு நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற வழவழப்பு ஒட்டாது. யானையின் காம்ப்பை 12 ஃப்ரேமுக்கு மாற்றி, அந்த அமைப்பிலேயே ஃப்ரேம் வேகத்தைத் தக்கவைக்கும் விருப்பத்தை இயக்கிவிட்டு, 24 ஃப்ரேம் முதன்மைக் காம்ப்புக்குள் வையுங்கள். கேமரா நகர்வை முதன்மைக் காம்ப்பிலேயே விடுங்கள். பாத்திரம் துள்ளலாம், கேமரா துள்ளினால் பார்ப்பவருக்குக் கண் வலிக்கும். வேகத்தில் உருவத்தை மங்கச் செய்யும் மோஷன் ப்ளர் இந்தப் பாணியில் வேண்டாம்.

கேமரா என்றதும் முப்பரிமாணம் என்று பயப்பட ஒன்றுமில்லை. மலை, மரம், யானை, முன்னால் ஒரு புதர் என்று நான்கு லேயர், ஒவ்வொன்றும் வெவ்வேறு தூரத்தில். 1920 பிக்சல் அகலக் காட்சியில் 50 மில்லிமீட்டர் கேமராவுக்கு இயல்பான தூரம் ஏறக்குறைய 2667 பிக்சல். மலையை 1333 பிக்சல் பின்னுக்குத் தள்ளினால் அது சிறுத்துவிடும், ஸ்கேலை 150 சதவீதமாக்கினால் பழைய அளவிலேயே தெரியும். கணக்கு எளிது: தள்ளிய தூரத்தை 2667ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டினால் பெருக்க வேண்டிய மடங்கு. இப்போது கேமராவைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்துங்கள். தட்டையான படத்துக்குள் இடம் திறக்கும். ஆவணப்படங்களில் பழைய புகைப்படங்கள் உயிர்ப்பது இந்த முறையில்தான்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சந்தா கட்ட விருப்பமில்லை என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஃப்யூஷன் இருக்கிறது, பிளெண்டரும் முழு இலவசம். ஆங்கர் பாயிண்ட்டை ஃப்யூஷனில் பிவட் என்பார்கள், பிளெண்டரில் ஆரிஜின். பேரண்டிங்கும் வளைவுகளும் எங்கே போனாலும் அவையேதான். ஃப்யூஷன் லேயர் முறையில் இல்லாமல், படிகளைப் பெட்டிகளாக வைத்துக் கோடுகளால் இணைக்கும் நோடு முறையில் இயங்குவதால் தொடக்கத்தில் கொஞ்சம் தலை சுற்றும்.

இந்த வழியில் கிடைக்காதவையும் உண்டு. எழுத்து அசைவு, ஷேப் லேயர் (மென்பொருளிலேயே வரையும் வடிவங்கள்), டிராக்கிங் (வீடியோவில் நகர்வதைப் பின்தொடர்வது), பச்சைத்திரை நீக்கம் எதுவும் யானையிடம் இல்லை. வேலைக்கு ஆளெடுப்பவர்கள் முதலில் எதிர்பார்ப்பது பெரும்பாலும் எழுத்தும் வடிவமும்தான். அதனால் இந்தச் சிறிய யானைக் காட்சி முடிந்ததும், அதே யானைக்கு ஒரு தலைப்பு எழுதி, தும்பிக்கை வீச்சில் எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சிதறி விழும்படி செய்து பாருங்கள். வளைவும் தாமதமும் முன்பே கைக்கு வந்திருக்கும். புதிதாகக் கற்க வேண்டியது, எழுத்துகளைத் தனித்தனியாக அசைக்கும் டெக்ஸ்ட் அனிமேட்டர் ஒன்றுதான்.